அப்பப்பாவின் பாளைக்கத்தி

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: ஐயா, 1990இல் நாங்கள் விட்டுவிட்டு வந்த காணி வலிகாமம் வடக்கில் இருக்கிறது. அது திரும்பக் கிடைத்த பிறகு, இடிந்து கிடந்த குசினியைப் போன மாதம்தான் துப்புரவாக்கினோம். ஓட்டுத் துண்டுகளுக்கும் சாந்துக்கும் அடியில், கள்ளுக்குப் பாளை சீவ அப்பப்பா வைத்திருந்த பாளைக்கத்தி கிடந்தது. வேலை முடிந்து வந்தால் அதைச் சுவருக்கும் கூரை வளைக்கும் நடுவில் செருகி வைப்பாராம். பிடியைக் கறையான் தின்றுவிட்டது, பித்தளைப் பூண் மட்டும் மிச்சம். அலகு முழுவதும் கறள். நகத்தால் சுரண்டினால் செதில் செதிலாகக் கழன்று வருகிறது. வெல்டிங் கடையில் கொடுத்துக் கிரைண்டர் பிடித்தால் அரை மணித்தியாலத்தில் பளபள என்று வந்துவிடும் என்கிறான் தம்பி. அம்மா வினாகிரிக்குள் போடச் சொல்கிறா. அப்பா ஒன்றும் சொல்லவில்லை. கத்தியை வாங்கி வலது கையில் கொஞ்ச நேரம் பிடித்துப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார். என்ன செய்யலாம்?
– வாசகி, தெல்லிப்பழை

பதில்: பிள்ளை, முதலில் தம்பியைப் பொறுக்கச் சொல்லுங்கள். முப்பது வருடத்துக்கு மேல் மண்ணுக்குள் கிடந்த கத்திக்கு அரை மணித்தியாலத்தில் ஒன்றும் செய்யத் தேவையில்லை.

கிரைண்டரைப் பற்றி நான் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. எனக்கு 19 வயது. அப்பாவின் பட்டறையில் துருத்தி ஊதினது போதும் என்று சொல்லிவிட்டு, மோட்டர் கிரைண்டர் வைத்திருந்த ஒரு வேலைத்தலத்தில் சேர்ந்திருந்தேன். ஒருநாள் சீவல் தொழில் செய்கிற ஒரு பெரியவர் பாளைக்கத்தியோடு வந்தார். கறள் கொஞ்சம், கத்தியின் வாயில், அதுதான் வெட்டுகிற ஓரத்தில், பல் மாதிரி ஒரு சின்ன உடைவு. "மெல்லமா எடுத்துத் தா தம்பி" என்றார். நான் கல்லில் வைத்து அமத்தினேன். பொறி பறந்தது, பார்க்க நன்றாக இருந்தது. திருப்பிப் பார்த்தால் வாயோரம் முழுக்க மயில் கழுத்து நீலம். அந்த நிறம் என்ன சொல்கிறது என்று கொல்லன் மகனுக்குத் தெரியாமல் இருக்க முடியாது. உருக்கு 300 பாகை செல்சியஸ் மட்டில் சூடேறினால்தான் அந்த நீலம் வரும். அந்தச் சூட்டில் தோய்ச்சல், அதாவது காய்ச்சித் தண்ணீரில் தோய்த்து ஏற்றின உறுதி, இறங்கிவிடும், வாய் மெதுமையாகிப்போகும். பெரியவருக்கும் அது தெரியும். ஒரு சொல் சொல்லாமல் காசை வைத்துவிட்டுப் போனார். மூன்றாம் நாள் அந்தக் கத்தி என் அப்பாவின் பட்டறையில் கிடந்தது. பாளையில் வைத்தால் வாய் மடிகிறது என்று கொண்டுவந்து கொடுத்திருக்கிறார்.

அப்பா என்னைப் பேசவில்லை. சிரட்டைக்கரி போட்டு உலை மூட்டினார். அலகைச் செக்கச் சிவக்கக் காய்ச்சி, வாய்ப் பக்கத்தை மட்டும் தண்ணீரில் தோய்த்தார். பிறகு ஒரு பக்கத்தை உரஞ்சி வெள்ளை தெரிய வைத்து, மெல்ல மெல்லச் சூடுகாட்டி, வைக்கோல் நிறம் ஏறிய கணத்தில் நிறுத்தினார். வேலை முடிந்ததும், "நீயே கொண்டுபோய்க் குடு" என்றார். கொண்டுபோய்க் கொடுத்தேன். அன்றைக்கு அந்தப் படலையடியில் நின்றது எனக்கு இன்றைக்கும் கண்ணுக்குள் நிற்கிறது. அதனால்தான் யார் பழைய கத்தி கொண்டுவந்தாலும் முதலில் இதைச் சொல்கிறேன்.

கிரைண்டர் செய்கிற இன்னொரு பாதகம் இருக்கிறது, அது சூட்டிலும் பெரியது. உங்கள் கத்தியின் வாயைப் பக்கவாட்டில் பிடித்துப் பாருங்கள். வாய் நேராக இருக்காது. நடுவில் சற்று உள்வாங்கி, நுனிப் பக்கம் மெலிந்திருக்கும் என்று நினைக்கிறேன். கொல்லன் அப்படி அடித்துக் கொடுக்கவில்லை. சீவுகிறவர் காலையும் மாலையும் மரமேறுவார். ஒவ்வொரு முறையும் பாளையின் நுனியைக் கடுதாசி மொத்தத்துக்கு ஒரு சீவல் சீவுவார். கத்தி அவ்வளவு கூராக இல்லாவிட்டால் பாளை நசிந்து கள் நின்றுபோகும். அதனால் நாள் தவறாமல் தீட்டுமரத்தில் தூள் போட்டுத் தீட்டுவார்கள். "தீட்டின மரத்தில் கூர் பார்க்கிறான்" என்று பேசுகிறோமே, அது இந்த மரந்தான். அப்படி இருபது முப்பது வருடம் தீட்டித் தீட்டித் தேய்ந்த வளைவு அது. உங்கள் அப்பப்பா வலக்கைக்காரரா, எந்த இடத்தில் அழுத்திப் பிடித்தார் என்பதெல்லாம் அந்த வளைவில் இருக்கிறது. அப்பா வலது கையில் பிடித்துப் பார்த்தார் என்று எழுதியிருக்கிறீர்கள். அவர் அதைத்தான் பார்த்திருப்பார். கிரைண்டர் அந்த வாயை ஒரே நேராக்கிவிடும். பிறகு அது கடையில் வாங்கின கத்தி.

சரி, வேலைக்கு வருவோம்.

ஒரு வெள்ளைக் கடுதாசியில் கத்தியை வைத்துப் பென்சிலால் ஓரம் கீறிக்கொள்ளுங்கள். இரண்டு பக்கமும் படம் எடுங்கள். கறளுக்கு அடியில் கொல்லனின் குறி ஏதும் இருந்தால் பிறகு ஒப்பிட்டுப் பார்க்க உதவும். அப்படியே ஏற்புவலி (டெற்றனஸ்) ஊசி போட்டு எவ்வளவு காலம் என்றும் யோசியுங்கள். ஏற்புவலி கறளால் வருவதில்லை, மண்ணிலும் மாட்டுச் சாணத்திலும் இருக்கிற கிருமியால் வருவது. உங்கள் கத்தி கிடந்ததோ மண்ணுக்குள். ஊசி போட்டுக் கன காலம் என்றால் போட்டுவிட்டுத் தொடுங்கள். தடித்த கையுறையும் வேண்டும், கறள் பிடித்தாலும் பாளைக்கத்தி பாளைக்கத்திதான்.

அடுத்தது, உள்ளே இரும்பு எவ்வளவு மிச்சம் என்று அறிய வேண்டும். அலகை ஒரு நூலில் தொங்கவிட்டு ஒரு சாவியால் தட்டுங்கள். கிண் என்று கொஞ்சமாவது ஒலித்தால் உள்ளே உயிர் இருக்கிறது. தொப்பென்று மண்ணோட்டில் தட்டினதுபோலக் கேட்டால் கறள் ஆழமாக இறங்கிவிட்டது. தையல் ஊசியால் வாயோரத்தை அங்கங்கே குத்திப் பாருங்கள். ஊசி உள்ளே இறங்குகிற இடம் ஏற்கெனவே போய்விட்டது. அப்படி வாயின் பெரும்பகுதி போயிருந்தால் வினாகிரிப் பக்கமே போக வேண்டாம். கறள்தான் அந்த ஓரத்தைப் பிடித்து வைத்திருக்கும், அதைக் கரைத்தால் ஓரமும் சேர்ந்து போகும். மண்ணெண்ணெயும் மெழுகும் போதும்.

மண்ணெண்ணெய் எல்லாக் கத்திக்கும் முதல் மருந்து. அலகு முழுக அகலமான ஒரு தட்டில் விட்டு, மூடி, நெருப்புக்குத் தூரமாக இரண்டு நாள் வையுங்கள். மண்ணெண்ணெய் கறளைக் கரைக்காது. செதில்களுக்கு அடியில் ஊறி இறங்கி அவற்றை இளக்கும். கறள் தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிக்கும், அதனால்தான் அது அடுக்கடுக்காக எழும்பி நிற்கிறது. அந்த எழும்பலுக்குள்தான் எண்ணெய் போகும். பிறகு சுரண்டுவதற்கு இரும்பு எடுக்காதீர்கள். நான் சிரட்டைத் துண்டை உடைத்து அதன் விளிம்பால் சுரண்டுவேன். பித்தளைத் துண்டும் நல்லது. இரண்டும் உருக்கைவிட மெதுமையானவை, கறளைத் தள்ளும், அலகில் கீறல் போடாது. வாயை உங்களுக்கு எதிர்ப் பக்கம் வைத்துச் சுரண்டுங்கள். மூன்று நாலு தரம் ஊறவிட்டுச் சுரண்ட வேண்டி வரும்.

இந்தக் கட்டத்தில் பகல் வெளிச்சத்தில் ஒருக்கால் பாருங்கள். அலகில் இரண்டு நிறம் தெரியும். செங்கட்டி நிறத்தில், விரலில் ஒட்டுவது ஒன்று. அதற்கு அடியில் கறுப்பாக, இறுக்கமாக, துடைத்தாலும் வராதது மற்றது. சிவப்புத்தான் நோய். அது ஈரத்தை இழுத்து வைத்துக்கொண்டு உள்ளே தின்னும். கறுப்பு இரும்போடு ஒட்டிக் கிடக்கிற ஒரு தோல், அது கத்திக்குக் காவல். பளபளப்பு வேண்டும் என்று அந்தக் கறுப்பையும் எடுக்கிறவர்கள் கத்தியை அம்மணமாக்கிவிட்டு, பிறகு மாரிக்கு மாரி கறள் என்று கடிதம் எழுதுகிறார்கள். உங்கள் அப்பப்பா காலத்திலும் இந்தக் கத்தி வெள்ளியாக மின்னியிருக்காது. வாயோரம் மட்டும் வெள்ளையாக ஒரு கோடு, மற்றதெல்லாம் கறுப்பு. அதுதான் வேலை செய்கிற கத்தியின் முகம்.

சிவப்பு இன்னும் குழிகளுக்குள் நின்றால், இப்போது அம்மாவின் வினாகிரி. அம்மா சொன்னது சரிதான், அதன் முறை இரண்டாவது. பித்தளைப் பூணைக் கழற்றி வைத்துவிடுங்கள், வினாகிரி பித்தளையின் நிறத்தை மாற்றிவிடும். மண்ணெண்ணெய் போகச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். எண்ணெய்ப்பசை இருந்தால் வினாகிரி பிடிக்காது. அலகு முழுதும் முழுக வேண்டும். பாதி வெளியே நின்றால், திரவம் முடிகிற அந்த மட்டத்தில் ஒரு கோடு அரித்துவிடும், அது பிறகு போகாது. நாலு மணித்தியாலத்தில் எடுத்துப் பழைய பல்லுத்தேய்க்கும் பிரஷால் தேய்த்துப் பாருங்கள். போதாது என்றால் இன்னும் நாலு. இரவு போட்டு விடியப் பார்ப்போம் என்று படுக்காதீர்கள். கறள் முடிந்தால் அமிலம் இரும்பைத் தின்னத் தொடங்கும். அலகிலிருந்து சின்னச் சின்னக் குமிழ் எழும்பத் தொடங்கினால் அது வேலை நல்ல இரும்புக்கு வந்துவிட்டதன் அடையாளம்.

இங்கே கண்ணை வைத்துப் பாருங்கள், ஒரு அழகான விஷயம் தெரியலாம். அந்தக் காலக் கொல்லர் முழுக் கத்தியையும் உருக்கில் அடிக்கமாட்டார்கள், உருக்கு விலை. உடலுக்கு மெது இரும்பு, வாய்க்கு மட்டும் உருக்கு வைத்துக் காய்ச்சி ஒட்டி அடிப்பார்கள். வினாகிரி பட்டதும் உருக்கு கருமையாகும், இரும்பு சாம்பலாக நிற்கும். இரண்டுக்கும் நடுவில், அலை வந்து மணலில் விட்ட கோடு மாதிரி, ஒரு வளைந்த கோடு ஓடும். என் அப்பா செய்த ஒரு கொத்துக்கத்தியில் அந்தக் கோட்டை முதன்முதல் கண்டபோது அவர் போய் ஆறு வருடம். சம்மட்டி எங்கே விழுந்தது என்று அதில் பார்க்கலாம். உங்கள் கத்தியில் இருந்தால் அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டுங்கள்.

வெளியே எடுத்ததும் சுணங்கக் கூடாது. ஒரு லீற்றர் தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி அப்பச்சோடா கரைத்து வைத்திருங்கள், அதற்குள் தோய்த்தால் மிச்ச அமிலம் அடங்கும். அதற்குக் கிணற்றுத் தண்ணீர் எடுக்காதீர்கள். எங்கள் பக்கத்துக் கிணறு பலதில் உவர் இருக்கிறது. உப்புப் பட்ட இரும்பு எண்ணெய்க்கு அடியிலும் கறள் பிடிக்கும். பிடித்து வைத்த மழைத் தண்ணீர் நல்லது. உடனே துணியால் துடைத்து வெயிலில் வையுங்கள். நீங்கள் திரும்பிப் பார்க்கிற நேரத்துக்குள் இளஞ்சிவப்பாக ஒரு படலம் படரலாம், பயப்பட வேண்டாம், துடைத்தால் போய்விடும்.

அதற்குப் பிறகு நான் செய்வது தேயிலைச் சாயம். மூன்று பிடி தேயிலைத் தூளைக் கொதிக்க வைத்து, நன்றாகக் கறுக்க விட்டு, ஆறவிட்டு, அதற்குள் அலகை ஒரு பகல் போடுங்கள். தேயிலையின் துவர்ப்பு இரும்போடு சேர்ந்து நீலக்கறுப்பாகும். கடுக்காயிலிருந்து மை காய்ச்சினதும் இதே வேலைதான். பாக்கு வெட்டுகிற கத்தி தானாகக் கறுப்பதும் இதனால்தான். குழிக்குள் மிஞ்சிய சிவப்பையும் அது கறுப்பாக மாற்றிவிடும். எடுத்துக் கழுவி, காயவிட்டு, தேங்காய் எண்ணெய் மெல்லிசாகப் பூசித் துடையுங்கள். நல்லெண்ணெய் வேண்டாம், நாள்பட்டால் பிசுபிசுக்கும்.

பிடி. கறையான் தின்ற மரத்தில் ஒரு துண்டாவது கிடந்தால் எறியாதீர்கள். என்ன மரம் என்று ஒரு தச்சரிடம் காட்டி, அதே மரத்தில் கடைந்து எடுங்கள். பழைய பூணையே போடுங்கள். எப்பொக்சி பசை வேண்டாம், நாளைக்கு உங்கள் பிள்ளைகள் பிடியைக் கழற்ற நினைத்தால் கழற்ற முடியாது. அரக்கை உருக்கிப் பிடியின் துளைக்குள் விட்டு, அலகின் வாலை அதற்குள் இறுக்கி விடுங்கள். குங்கிலியத்தோடு செங்கட்டித் தூள் சேர்த்து உருக்கியும் விடுவார்கள். சூடு காட்டினால் இரண்டும் இளகும். அரக்கை மட்டும் சூடாக்குங்கள், அலகைக் காய்ச்சாதீர்கள். மேலே நான் எழுதிய நீலத்தை மறக்காதீர்கள்.

கூர் வைப்பதா என்று நீங்கள் கேட்கவில்லை. அதை அப்பாவிடம் கேளுங்கள். வைக்கச் சொன்னால், சீவல் தொழில் தெரிந்த ஒருவரிடம் கொண்டுபோங்கள். அந்த வளைவுக்கு ஏற்ப தீட்டுமரத்தில் தீட்டுவது அவர்களின் கைக்குத்தான் வரும், எனக்கே வராது. வேண்டாம் என்றால் அப்படியே விடுங்கள்.

கேள்வி: தேசிக்காய்ப் புளியும் உப்பும் போட்டுத் தேய்த்தால் எந்தக் கறளும் போகும் என்று மாமி சொல்கிறா. அரிவாளுக்குச் செய்யலாமா?
– வாசகி, கைதடி

பதில்: தேசிக்காய் சரி, பழப்புளியும் சரி. இரண்டும் புளிப்பு, கறளை இளக்கும். உப்புத்தான் பிழை. மாமி குத்துவிளக்குக்கும் செம்புக்கும் செய்து பழகினவ, பித்தளைக்கு அது நல்லாய்த்தான் வேலை செய்யும். இரும்பில் உப்பு ஒளிந்திருந்து பிறகு வேலையைக் காட்டும். உப்பில்லாமல் புளியை மட்டும் பூசி, கறள் இளகின பிறகு சலித்த அடுப்புச் சாம்பலால் தேய்க்கச் சொல்லுங்கள், முதலிலேயே சேர்த்தால் சாம்பல் புளிப்பை முறித்துவிடும். தேய்த்ததும் கழுவித் துடைத்து எண்ணெய் காட்டுங்கள்.

கேள்வி: அம்மம்மாவின் பாக்குவெட்டி என்னிடம் இருக்கிறது. ஆணி இறுகித் திறக்கவே இல்லை. கைபிடிகளில் பித்தளை வேலைப்பாடு. ஊருக்கு வரும்போது கையோடு கொண்டுவந்தேன், இப்போது ரொறன்ரோவுக்குத் திரும்புகிறேன். திறக்க வைக்க வழி சொல்லுங்கள்.
– வாசகர், தற்போது கோப்பாயில்

பதில்: பலங்கொண்டு விரிக்காதீர்கள் தம்பி. பாக்குவெட்டி முறிந்தால் ஆணியில்தான் முறியும். ஆணியைச் சுற்றி இரண்டு பக்கமும் மண்ணெண்ணெய் துளித்துளியாக விட்டு, துணியால் சுற்றி வையுங்கள். காலையும் இரவும் விட்டு வாருங்கள். ஒரு கிழமை போகட்டும். நடுவில் ஆணித் தலையை ஒரு மரத் துண்டு வைத்து மெல்லத் தட்டினால் எண்ணெய் உள்ளே இறங்கும். ஒரு மயிரிழை அசைந்ததும் விரிக்காமல், மூடித் திறந்து மூடித் திறந்து ஆட்டுங்கள். வெளியே வருகிற சிவப்புக் குழம்பைத் துடைத்துக்கொண்டே இருங்கள். பித்தளை இருப்பதால் வினாகிரியில் முழுக வைக்கவே கூடாது. வெட்டும் இடத்தில் படிந்த கறுப்பு கறள் இல்லை, அம்மம்மா வெட்டின பாக்கின் துவர்ப்பு. அதைத் தொடாதீர்கள். விமானத்தில் கைப்பையில் கொண்டுபோக விடமாட்டார்கள். வாய் வெளியே குத்தாதபடி தடித்த மட்டையில் கட்டி, பெட்டிக்குள் போட்டு ஏற்றுங்கள். பொலித்தீனில் சுற்றினால் உள்ளே வியர்த்துவிடும், எண்ணெய் தொட்ட பருத்தித் துணி போதும்.

கேள்வி: மீன் வெட்டுகிற கத்தி எத்தனை தரம் தீட்டினாலும் அடுத்த நாள் சிவந்து நிற்கிறது. என்ன எண்ணெய் பூசுவது?
– வாசகர், குருநகர்

பதில்: எண்ணெய்க்கு முதல் நல்ல தண்ணீர். கடல் தண்ணீரிலோ மீன் கழுவின தண்ணீரிலோ அலசிவிட்டு எண்ணெய் பூசினால், உப்பை உள்ளே வைத்து மூடினதாகத்தான் முடியும். வேலை முடிந்த கையோடு நல்ல தண்ணீரில் கழுவி, துடைத்து, அடுப்படியில் சூடு படுகிற இடத்தில் வையுங்கள். பிறகு தேங்காய் எண்ணெய். பழைய எஞ்சின் ஒயில் பூசுகிறவர்களைக் கண்டிருக்கிறேன். சாப்பாட்டில் படுகிற கத்திக்கு அதைச் செய்யவே கூடாது.

கேள்வி: அப்பாவின் தச்சு ஆயுதங்களைப் பத்திரமாக வைத்திருக்கிறேன். ஆயுத பூசைக்குச் சந்தனம் குங்குமம் வைத்துக் கும்பிட்டு, அப்படியே பெட்டிக்குள் வைப்போம். சந்தனம் வைத்த இடங்களில் மட்டும் வட்டம் வட்டமாகக் கறள் பிடித்திருக்கிறது. வைக்காமல் விட மனம் வரவில்லை.
– வாசகர், சுன்னாகம்

பதில்: வைக்காமல் விட வேண்டாம். சந்தனத்தைத் தண்ணீரில் குழைக்கிறீர்கள், அந்த ஈரந்தான் வட்டமாக நிற்கிறது. பூசை வருகிறதும் மாரி தொடங்குகிற நேரம், பெட்டிக்குள் காயவே காயாது. வாய்ச்சியிலும் உளியிலும் இரும்பில் வைக்காமல் மரப்பிடியில் பொட்டு வையுங்கள். என் அப்பா பட்டடையில், இரும்பை வைத்து அடிக்கிற அந்தக் கட்டையில், மட்டும் இரும்பிலேயே வைப்பார். விஜயதசமி காலையில் வேலை தொடங்க முதல் அதைத் தன் சால்வையால் துடைத்து, எண்ணெய் தொட்ட விரலால் அதே இடத்தில் ஒரு தரம் தடவிவிடுவார். உங்கள் வட்டங்களுக்கு மண்ணெண்ணெயும் சிரட்டை விளிம்பும் போதும், வினாகிரி வரை போக வேண்டாம்.